ஒரே வரியை ஏன் ரெண்டு தடவை பாடுகிறார்கள்

குரு என்றதும் வெள்ளைத் தாடியும் ஆலமரமும் ஞாபகத்துக்கு வந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தொரு வயது. பெயர் ஃப்ளாரன்ஸ். துறைமுகத்தை ஒட்டிய மாதா கோயில் ஹாலின் மாடியில் ஓவியம் சொல்லித்தருகிறவர். சீடருக்குத்தான் ஐம்பத்தாறு. பெயர் சூசைநாதன். கப்பலுக்குப் பெயர் எழுதுவது அவர் வேலை.

ஆள் உயர எழுத்தை, தொங்குபலகையில் உட்கார்ந்தபடி எழுதுவார். காற்று பலகையை ஆட்டும். எழுத்து ஆடாது. சூசை கோடு போட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று துறைமுகத்தில் சொல்வார்கள். யாரும் சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

எழுத்து வருகிறது, உருவம் வரவில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் சேர்ந்தார். ஃப்ளாரன்ஸ் அவரை அண்ணே என்பார். அவர் ஃப்ளாரன்ஸை டீச்சர் என்பார். கேள்வி கேட்டால் டீச்சரிடமிருந்து நேராகப் பதில் வராது. சூசைநாதனுக்கு அதில் எரிச்சல் உண்டு. ஆனாலும் ஒரு வகுப்புக்கும் வராமல் இருந்ததில்லை.

இனி பாட்டு விஷயம்.

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சரக்குக் கப்பல் ரிப்பேருக்காக இந்தத் துறைமுகத்தில் இரண்டு மாதம் நின்றது. அதன் சமையல்காரர் ஐசையா கறுப்பினத்துக்காரர். நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலுக்கு வந்தவர், பாடகர் குழுவுக்கு இரண்டு விதமான பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஒன்று காஸ்பல். ஒருவர் ஒரு வரி பாட, கூட்டமே கைதட்டிப் பதில் பாடும். இன்னொன்று ப்ளூஸ். அது தனி ஆள் துக்கம். ஒரு வரி பாடுவார்கள், அதே வரியை மறுபடி பாடுவார்கள், மூன்றாவது வரியில் முடித்துவிடுவார்கள். அவ்வளவுதான் பாட்டே.

கப்பல் கிளம்பிப் போனது. பாட்டு இங்கேயே தங்கிவிட்டது. குழுவை நடத்தும் எட்வின் மாஸ்டர் இரண்டையும் ஒன்றாகக் கட்டினார். ஒருத்தர் தனியாக நின்று தமிழில் ப்ளூஸ் பாட வேண்டும். மூன்றாவது வரி முடிந்ததும் சபை எழுந்து காஸ்பல் மாதிரி பதில் பாட வேண்டும். கோயில் திருநாள் சனிக்கிழமை சாயங்காலம் பாடுவது என்று முடிவானது.

தனியாகப் பாடப்போவது செலின். சூசைநாதனின் மனைவி. இத்தனை வருஷம் குழுவில் பின்வரிசையில் நின்றவள், முதல் தடவையாக முன்னால் வரப்போகிறாள். பாட்டின் சொற்களும் அவளுடையவைதான்.

அவளுக்குப் பின்னால் தொங்குவதற்கு ஒரு படம் வேண்டும், இந்தப் பாட்டைப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று திருநாள் கூட்டத்தில் மாஸ்டர் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, என் பொண்டாட்டி பாடுகிறாள், என்னைத் தவிர யார் வரைவது என்று சூசைநாதன் எழுந்துவிட்டார். மறுநாள் துறைமுகத்தில் கிரேன்காரரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அழைப்பு வைத்தாயிற்று.

எட்டடி அகலம், பன்னிரண்டடி உயரத்துக்குக் காடாத் துணி வாங்கி, வெள்ளை அடித்துக் காயவைத்தார். ப்ளூஸ் என்றால் என்ன அர்த்தம் என்று பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் கேட்டார். ப்ளூ என்றால் நீலம்தானே மாமா என்றாள். போதாதா? துணி முழுக்க நீலம். நடுவில் சிலுவை. ஒரு பக்கம் கித்தார், ஒரு பக்கம் புறா, மேலே தேவதைகள், கீழே கடல். இரண்டே நாளில் முடித்தார். கோடு ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி.

செலினைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"யோவ், இதுக்கு முன்னால நின்னு என்னால பாட முடியாது."

"ஏன், இன்னா குறை?"

"சொல்லத் தெரியல. வெறும் சுவரே போதும்னு மாஸ்டர்கிட்ட சொல்லிடுறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் ரொம்ப சாதாரணமாகச் சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அடுத்தவர் சிரிப்பார்கள் என்பது அப்புறம். சொந்தப் பெண்டாட்டி அவர் வரைந்த படத்தைவிட வெறும் சுவர் தேவலை என்கிறாள்.

படியேறி டீச்சரிடம் போனார். படத்தில் என்ன தப்பு என்று கேட்டார். ஃப்ளாரன்ஸ் காலையிலிருந்து பீடத்துச் சுவருக்கு வர்ணம் பூசிவிட்டு அப்போதுதான் மேலே வந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தண்ணி கொண்டு வாங்க."

கொண்டுவந்தார். ஃப்ளாரன்ஸ் டம்ளரை வாங்கி மேசையில் வைத்தார். குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் போனது.

"அண்ணே, தண்ணி கொண்டு வாங்க."

"மேசையிலதான இருக்கு டீச்சர்."

சூசைநாதன் அப்போதுதான் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். புருவத்தில் வர்ணம் காய்ந்திருந்தது. கண் சிவந்திருந்தது. உதடு வெடித்திருந்தது.

"நீ இன்னும் சாப்பிடலியா?"

மரியாதை மறந்து வாயில் வந்துவிட்டது. ஃப்ளாரன்ஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"மொத தடவ உங்களுக்கு இன்னா கேட்டுச்சு?"

"தண்ணி."

"ரெண்டாவது தடவ?"

சூசைநாதன் யோசித்தார்.

"தண்ணி காதுல விழல. நீதான் தெரிஞ்ச."

"நானும் அதே வார்த்தையத்தான் சொன்னேன்." ஃப்ளாரன்ஸ் தண்ணீரை எடுத்துக் குடித்தார். "செலின் அக்கா பாடுறத நீங்க முழுசா கேட்டிருக்கீங்களாண்ணே?"

கேட்டதில்லை. வீட்டில் அவள் முணுமுணுத்தால் இவர் டிவி போடுவார். கோயிலில் பாடினால் இவர் வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார். ரிகர்சல் ஐந்து மணிக்கு என்று மட்டும் டீச்சர் சொன்னார்.

ஐந்து மணிக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். வழி தெரியாமல் வந்துவிட்டாயா சூசை என்று எட்வின் மாஸ்டர் கேட்க, குழுவே சிரித்தது. செலின் சிரிக்கவில்லை. அவளுக்கு அவரை அங்கே பார்த்ததே ஆச்சரியம்.

பாடினாள்.

"படகெல்லாம் வந்துடுச்சு, ஒரு படகு வரவே இல்ல."

அதே வரியை மறுபடி பாடினாள். முதல் தடவை எல்லோருக்கும் சேதி சொல்வது மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை யாருக்கும் சொல்லவில்லை. வாசலில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி இருந்தது. 'வரவே' என்ற இடத்தில் குரல் சுரத்தில் நிற்காமல் கொஞ்சம் கீழே சரிந்தது. ஆர்மோனியத்தில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. மாஸ்டர் அங்கே வாசிப்பதை விட்டுவிட்டார்.

"வெளக்க அணைக்காதீங்க, நான் இன்னும் நிக்கிறேன்."

மாஸ்டர் கையைத் தூக்கி இறக்கினார். குழு எழுந்து கைதட்டி, "நாங்களும் நிக்கிறோம், நாங்களும் நிக்கிறோம்" என்று பாடியது.

பின்பெஞ்சில் சூசைநாதன் அசையாமல் இருந்தார். அது மிக்கேல் படகு.

மிக்கேல் செலினின் அண்ணன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் பூசை வைத்தார்கள். அந்த வாரம் சூசைநாதன் தூத்துக்குடியில் ஒரு கப்பலுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். சேதி வந்தது. வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தார். கரையில் எட்டு நாளும் செலின் தனியாக நின்றாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அதைப்பற்றி ஒரு பேச்சும் கிடையாது. அவள் மறந்துவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படியும் நினைக்க முடிகிறது, பாருங்கள்.

புதன்கிழமை துணி முழுவதையும் மறுபடி வெள்ளை அடித்தார். தேவதை, புறா, கித்தார், எல்லாம் போனது. பாட்டில் மூன்று வரி. துணியையும் குறுக்கே மூன்றாகப் பிரித்தார். மேலே ஒரு வரிசைப் படகு, நடுவில் அதே வரிசைப் படகு, கீழே அப்புறம் பார்க்கலாம். பதினோரு படகு. ஐந்துக்கு அப்புறம் ஒரு படகு நிற்கிற அளவுக்குக் காலி இடம்.

இங்கேதான் கப்பலுக்குப் பெயர் எழுதுகிறவர் புத்தி வேலை செய்தது. ஒரே வரியை இரண்டு தடவை பாடுகிறாள் என்றால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். பழைய எக்ஸ்ரே ஷீட்டில் படகை வெட்டி ஸ்டென்சில் செய்தார். மேலே வைத்து அடித்தார். நடுவில் வைத்து அடித்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது.

ஃப்ளாரன்ஸ் வந்து பார்த்தார்.

"இதுல மொத தடவ எது, ரெண்டாவது தடவ எது?"

"யாராலயும் சொல்ல முடியாது டீச்சர். அளந்து வேணா பாருங்க."

"அதுக்குத்தான் கேக்குறேன்."

சூசைநாதனுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷ அனுபவத்தை அவிழ்த்துவிட்டார். கப்பலுக்கு இடப்பக்கம் ஒரு பெயர், வலப்பக்கம் ஒரு பெயர். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் மறுநாள் வேலைக்கு வராதே என்பார்கள். உனக்குத் தொழில் தெரியாது என்கிற அளவுக்குப் போய், சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

ஃப்ளாரன்ஸ் எக்ஸ்ரே ஷீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். படகு வடிவ ஓட்டையைச் சுற்றி விலா எலும்புகள் தெரிந்தன.

"யார் நெஞ்சுண்ணே இது?"

"யாருக்குத் தெரியும்? பழைய பேப்பர் கடையில வாங்குனது."

"அப்படித்தான் இருக்கு படமும்."

ஷீட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு டீச்சர் கீழே இறங்கிப் போனார்.

சூசைநாதன் சாயங்காலம் வரை அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடு வரிசைக்கு மட்டும் வெள்ளை அடித்தார்.

வியாழக்கிழமை வெறும் கையால் ஆரம்பித்தார். நூல் அடிக்கவில்லை. ஸ்டென்சில் இல்லை. சிவப்பு ஆக்சைடு பெயிண்டும் ஒரு பிரஷும்தான். முதல் படகு, இரண்டாவது, மூன்றாவது. கை பழகிய கை. தயங்கவே இல்லை. ஐந்தாவது முடிந்ததும் காலி இடம் வந்தது.

மேல் வரிசையில் அந்த இடத்தை ஒரு நொடியில் தாண்டியிருந்தார். இப்போது பிரஷ் அங்கேயே நின்றது. மிக்கேல் படகுக்கு நம்பர் எழுதியது இவர்தான். இன்னும் கொஞ்சம் பெருசா எழுது மச்சான், கடல்ல இருந்து பாத்தாலும் தெரியணும் என்று அவன் சொன்னான். வாடிக்கைக்காரன் எல்லாம் இதையே சொல்வான் என்று இவர் பதில் சொல்லி, இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த படகின் கோடு கோணிவிட்டது.

அதற்கடுத்து வரைந்ததும் கொஞ்சம் சாய்ந்தது. காலி இடத்தை எட்டிப் பார்ப்பது போல இருந்தது. சூசைநாதன் துடைக்கத் துணியை எடுத்தார். பிரஷ் பிடித்த நாளிலிருந்து கோணல் கோட்டை அவர் விட்டுவைத்ததில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துணியைக் கீழே போட்டுவிட்டு, மீதிப் படகுகளை வரைந்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் தெம்பு திரும்பிவிட்டது. கீழ்ப்பகுதிக்குப் பென்சிலால் ஒரு பெண் உருவம் போட்டார். கையில் விளக்கு. தலைக்கு மேல் ஆண்டவரின் கை. இது நிச்சயம் எடுபடும் என்று அவருக்குத் தோன்றியது. டீச்சரைக் கூப்பிட்டார்.

ஃப்ளாரன்ஸ் நடு வரிசையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"அக்கா எங்க நின்னு பாடுவாங்க?"

"இதோ, இங்கதான். இந்தக் கீழ்ப்பாகத்துக்கு நேரா."

"அங்கதான் நீங்க ஏற்கெனவே ஒரு பொம்பளய நிக்க வச்சிட்டீங்களே. அக்கா எங்க போவாங்க?"

அவருக்கு இது புரிந்தது என்று சொன்னால் பொய். நாளைக்குப் பாட்டு, இப்போது டீச்சரோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை, அவ்வளவுதான். பென்சிலை அழித்தார். கீழ்ப்பகுதியை வெள்ளையாகவே விட்டார். திருநாள் முடியட்டும், திங்கட்கிழமை வரைந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். பாதி வேலையோடு எந்தக் கப்பலையும் அவர் தண்ணீருக்கு அனுப்பியதில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்குப் படத்தைத் தொங்கவிட்டார்கள். துறைமுக ஆட்கள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். பெயிண்ட் தீர்ந்துபோச்சா சூசை, நாங்க வேணா ஒரு டப்பா அனுப்பவா என்று கிரேன்காரர் கேட்டார். வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார் சூசைநாதன். அவர் கண் வாசலில் இருந்தது.

செலின் வந்தாள். பச்சைப் புடவை. படத்துக்கு முன்னால் போய் நின்று மேல் வரிசையைப் பார்த்தாள். நடு வரிசைக்கு வந்தாள். ஐந்தாவது படகு. காலி இடம். அதற்கடுத்த படகில் அவள் கண் நின்றது.

"கோடு கோணலா இருக்கு."

"ஆமா."

"நீ போட்டதா?"

"நான்தான்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளையாக இருந்த இடத்துக்கு நேராகப் போய் நின்றாள். மைக் இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும் என்று மாஸ்டரிடம் சொன்னாள்.

ஆறு மணிக்கு ஹால் நிறைந்தது. சூசைநாதன் முன்பெஞ்சில், டீச்சருக்குப் பக்கத்தில்.

"படகெல்லாம் வந்துடுச்சு, ஒரு படகு வரவே இல்ல."

ஹால் அடங்கியது.

மறுபடி அதே வரி. பின்னாலிருந்த படகுகளும் மறுபடி அதே படகுகள். குரல் சரிந்த இடத்தில் கிரேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெளக்க அணைக்காதீங்க, நான் இன்னும் நிக்கிறேன்."

மாஸ்டரின் கை மேலே இருந்தது. அது இறங்கும்போதுதான் சபை எழுந்து பாட வேண்டும். அதைத்தான் எல்லோருக்கும் மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். கை இறங்கவில்லை. அதற்குள் முன்பெஞ்சிலிருந்து ஒரு ஆள் எழுந்துவிட்டார்.

"நானும் நிக்கிறேன்."

சுருதி எங்கேயோ இருந்தது. சொல்லும் தப்பு. 'நாங்களும்' என்று பாட வேண்டிய இடம். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு நொடியில் சிரிப்பு நின்றுவிட்டது. சூசைநாதன் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். உட்காரவும் தெரியவில்லை. மாஸ்டரின் கையும் மேலேயே நின்றது.

செலின் மாஸ்டரைப் பார்க்கவில்லை. சூசைநாதனைப் பார்த்து மூன்றாவது வரியை மறுபடி பாடினாள். பாட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. மூன்றாவது வரிக்கு ஒரு தடவைதான். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, அவருக்கே பாடினாள்.

இந்தத் தடவை ஹால் முழுக்க எழுந்தது.

கூட்டம் கலைந்த பிறகு படத்தைக் கழற்றினார்கள். ஒரு முனையை டீச்சரும் மறுமுனையை சூசைநாதனும் பிடித்துச் சுருட்டினார்கள். துறைமுக ஆட்கள் அவர் முதுகில் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். செலின் வெளியே பெண்களோடு பேசிக்கொண்டு நின்றாள். அவள் குரல் உள்ளே கேட்டது.

தப்பான இடத்தில் பூந்துவிட்டேன், மாஸ்டர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று சூசைநாதன் சொன்னார். ரொம்ப வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. மேல் வரிசை உள்ளே போனது. நடு வரிசை போனது. வெள்ளைப் பகுதி வந்ததும் அவர் கை நின்றது.

"டீச்சர், திங்கக்கிழமை லீவு போட்டிருக்கேன். இந்தக் காலி எடத்த வரைஞ்சு முடிச்சிடவா?"

ஃப்ளாரன்ஸ் தன் முனையைச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

"வரைஞ்சுட்டீங்களேண்ணே. நாங்கல்லாம் பாத்தோமே."